சாவி யார் கையில்?

சாந்த்ராகாச்சியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்குப் புறப்படும் ஏ.சி. எக்ஸ்பிரசில் தட்கல் டிக்கெட் எடுக்க வேண்டுமானால், முதல் நாள் காலை சரியாகப் பத்து மணிக்குத் தயாராக இருக்க வேண்டும். பொங்கல், தீபாவளி சமயங்களில் ஐந்து நிமிஷம் தாமதித்தவருக்கும் காத்திருப்போர் பட்டியல்தான் கிடைக்கும். ஊருக்குப் போகும் தமிழர்கள் மட்டுமல்ல, வேலூர் ஆஸ்பத்திரிக்கு நோயாளியை அழைத்துப் போகும் வங்காளிக் குடும்பங்களும் அதே பத்து மணியை எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கின்றன. அந்த வேளையில் ஐ.ஆர்.சி.டி.சி. பக்கத்தைத் திறந்தவருக்கு, வழக்கமாகத் தானே வந்து விழும் பெயரும் கடவுச்சொல்லும் வராமல் இரண்டு வெற்றுக் கட்டங்கள் மட்டும் எதிரே நின்றால் என்ன ஆகும்? முந்தின வாரம் கம்ப்யூட்டரைப் பழுது பார்த்தவர் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு விண்டோசைப் புதிதாகப் போட்டுக் கொடுத்திருப்பார். போட்டோக்களைப் பத்திரமாக எடுத்து வைத்ததாக அவர் சொன்னது உண்மையே. கடவுச்சொற்களைப் பற்றி வீட்டாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இது இன்று வீட்டுக்கு வீடு நடக்கும் சங்கதி. பாங்கு, மின்சாரம், காஸ், பிராவிடண்ட் பண்டு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கடவுச்சொல் கேட்கிறார்கள். இத்தனையையும் எந்த மனிதனாலும் நினைவில் வைத்திருக்க முடியாது. 'சேமித்து வைக்கட்டுமா?' என்று குரோம் உலாவி கேட்கிறது; 'சரி' என்று ஒரு முறை அழுத்தியதோடு விஷயம் மறந்துபோகிறது. கடவுச்சொல்லைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவரான அமெரிக்க விஞ்ஞானி பெர்னாண்டோ கோர்பாட்டோவே, இது ஒரு கொடுங்கனவாகிவிட்டது என்று 2014-ல் ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார் என்றால், சாதாரண ஜனங்களைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

பெரிய நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் முழுக்கச் செல்லாது. 2024 ஜூலை 24, 25 தேதிகளில் ஏறத்தாழ 18 மணி நேரம், விண்டோசில் குரோம் உபயோகித்த ஏராளமானவர்களுக்குச் சேமித்த கடவுச்சொற்கள் கண்ணிலேயே படவில்லை. புதிதாகச் சேமித்தவையும் தென்படவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 50 லட்சம் பேர் என்று அப்போது பத்திரிகைகள் கணக்கிட்டன. தக்க பாதுகாப்பின்றிச் செய்த ஒரு மாறுதலே காரணம் என்று கூகுள் கூறி மன்னிப்புக் கேட்டது. கடவுச்சொற்கள் அழிந்துவிடவில்லை, மறைந்துதான் இருந்தன என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அந்த 18 மணி நேரத்தில் பயந்துபோய் எதையெதையோ அழித்து, மாற்றி, இருந்ததையும் கெடுத்துக்கொள்ளச் சந்தர்ப்பம் இருந்தது. தொலைந்தது போலத் தோன்றும்போது முதலில் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் பொறுத்திருப்பது உத்தமம்.

உண்மையிலேயே தொலைந்துவிட்டால் மீட்க வழியுண்டா? கடவுச்சொற்கள் எங்கே, எப்படி வைக்கப்பட்டிருந்தன என்பதைப் பொறுத்த விஷயம் இது. கூகுள் கணக்கோடு இணைத்துச் சேமித்திருந்தால், பெட்டி உடைந்தாலும் கடவுச்சொற்கள் அந்தக் கணக்கில் இருக்கும். வேறொரு கம்ப்யூட்டரிலோ போனிலோ நுழைந்து பார்த்துக்கொள்ளலாம். இணைக்காமல் வைத்திருந்தால் கதை வேறு. அப்போது அவை கம்ப்யூட்டரிலேயே ஒரு கோப்பில் பூட்டிக் கிடக்கின்றன. அந்தப் பூட்டின் சாவியோ, விண்டோசில் அந்த நபர் நுழையும் கணக்கோடு பிணைக்கப்பட்டது. பழுது பார்ப்பவர் விண்டோசைப் புதிதாகப் போட்ட பிறகு, பழைய கோப்பை மட்டும் தேடிக் கொண்டுவந்து வைத்தாலும் திறக்காது. தனிக் கணக்கின் விண்டோஸ் கடவுச்சொல்லை உரியவர் தாமே முறைப்படி மாற்றினால் தொல்லையில்லை. மறந்துவிட்டது என்று வேறொருவரைக் கொண்டு பலவந்தமாக மாற்றினால் அப்போதும் சாவி போய்விடும். பயர்பாக்ஸ் உலாவியில் பூட்டும் சாவியும் இரண்டு கோப்புகளாக ஒரே உறையில் இருக்கின்றன. அந்த உறையை அப்படியே நகல் எடுத்திருந்தால் பிழைத்தது. பழுது பார்ப்பவரிடம் பெட்டியை ஒப்படைக்கும் முன் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லி வைப்பதில் யாருக்கும் செலவில்லை.

இவ்வளவு கெட்டியான பூட்டு திருடனுக்கு மட்டும் இளகிக் கொடுக்கிறது என்பதுதான் வேடிக்கை. 'இழந்த கடவுச்சொல்லை மீட்டுத் தருகிறோம்' என்று இலவசமாகக் கிடைக்கும் செயலிகளில் பல, வீட்டுக்காரன் பெயரிலேயே உள்ளே நுழைந்து, அவன் சாவியாலேயே திறந்து, எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகிறவை. 'லும்மா' என்ற அப்படிப்பட்ட ஒரு திருட்டுச் செயலி, 2025 மார்ச் மத்தியிலிருந்து மே மத்தி வரை இரண்டே மாதங்களில் உலகெங்கும் 3,94,000-க்கு மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் புகுந்திருந்ததை மைக்ரோசாப்ட் கண்டறிந்து, பல நாட்டுப் போலீசாரின் துணையோடு அதன் வலையை அறுத்தது. மீட்கப்போய் உள்ளதையும் இழந்தவர்கள் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். பாங்குக் கடவுச்சொல்லை உலாவியில் சேமிக்கக்கூடாது என்று பாங்குகள் ஓயாமல் சொல்வதும் இதனால்தான்.

'மறந்துவிட்டதா?' என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்தினால் புதிய கடவுச்சொல் பெறலாமே என்று கேட்கலாம். உள்ளூர்க்காரருக்கு அது சரி. பிழைப்புக்காக மாநிலம் விட்டு வந்தவருக்குத்தான் அங்கே இன்னொரு முட்டுக்கட்டை இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் ஆறு இலக்க எண் ஒன்று போனுக்கு வரும். எந்தப் போனுக்கு? கணக்குத் திறந்தபோது திருநெல்வேலியிலோ சேலத்திலோ கொடுத்த பழைய எண்ணுக்கு. ஹௌரா வந்ததும் புது சிம் வாங்கி, பழையதற்கு எதற்கு வீண் ரீசார்ஜ் என்று விட்டுவிட்டவர்கள் அநேகர். 90 நாள் உபயோகிக்காத எண்ணைக் கம்பெனி நிறுத்திவிட இடமுண்டு. நிறுத்தியபின் குறைந்தது 90 நாள் கழித்து அதை வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பதை டிராய் 2023-ல் சுப்ரீம் கோர்ட்டில் தெரிவித்தது. ஆக, சாந்த்ராகாச்சியில் இருப்பவரின் கணக்கைத் திறக்கும் எண், முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் சட்டைப்பைக்குப் போய்ச் சேருகிறது.

புதிய கணக்கு ஒன்றைத் திறந்துகொள்ளலாம் என்பதும் இப்போது சுலபமில்லை. 2025 ஜூலை 1 முதல், ஆதார் மூலம் உறுதி செய்த கணக்குகளுக்கு மட்டுமே இணையத்தில் தட்கல் டிக்கெட் உண்டு. ஜூலை 15 முதல் ஆதாரோடு இணைந்த போனுக்கு வரும் ஓ.டி.பி.யும் வேண்டும். அக்டோபர் 1 முதல் சாதாரண முன்பதிவிலும் முதல் பதினைந்து நிமிஷம் அத்தகைய கணக்குகளுக்கே ஒதுக்கப்பட்டது. ஏஜண்டுகளும் போலிக் கணக்குகளும் டிக்கெட்டுகளை விழுங்கிவந்த அக்கிரமத்துக்கு இது வேண்டிய வைத்தியம்தான், ஆட்சேபமில்லை. ஆனால் ஆதாரிலும் அதே பழைய எண்ணே இருக்குமானால், யோக்கியமான பிரயாணியும் ஏஜண்டோடு சேர்ந்து வெளியே நிற்கிறார். தந்தி போல வரும் துக்கச் செய்திக்கு ஊர் போக வேண்டியவர் இந்தச் சிக்கலைப் பத்து மணிக்கு உட்கார்ந்து அவிழ்க்க முடியுமா?

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, பழைய எண் உயிரோடு இருக்கும்போதே, ஆதாரிலும் பாங்கிலும் ஐ.ஆர்.சி.டி.சி.யிலும் கூகுளிலும் புது எண்ணைப் பதிந்துவிடுவது. அடுத்தது ஒரு நோட்டுப்புத்தகம். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதிப் பர்சில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அமெரிக்கப் பாதுகாப்பு நிபுணர் புரூஸ் ஷ்னையர் 2005-லேயே எழுதினார். ரேஷன் கார்டையும் எல்.ஐ.சி. பாலிசியையும் வைத்துப் பூட்டும் அலமாரிக்குள் கடல் கடந்த திருடன் கை நீட்ட முடியாது. குடும்பத் தலைவர் திடீரென்று படுத்துவிட்டால் மனைவி மக்களுக்கும் அது கிடைக்கும். உலாவிக்குள் இருப்பது அப்படிக் கிடைக்காது. கம்ப்யூட்டர் மேஜையிலேயே ஒட்டி வைப்பது மட்டும் கூடாது.

நிறுவனங்களுக்கும் கடமை உண்டு. சில உலாவிகளில் 'வரலாற்றை அழி' என்ற இடத்திலேயே கடவுச்சொற்களை அழிக்கும் கட்டமும் இருக்கிறது. தெரியாமல் அதில் குறியிட்டு அழித்தவர்கள் ஏராளம். அழிக்குமுன், இத்தனை கடவுச்சொற்கள் போகப்போகின்றன என்று அவரவர் மொழியில் ஒரு எச்சரிக்கை காட்டுவது பெரிய காரியமல்ல. ரயில்வேயும் ஒன்று செய்யலாம். பூஜைக்கும் பொங்கலுக்கும் ஒரு மாதம் முன்பாக, ஹௌரா, ஷாலிமார், சாந்த்ராகாச்சி நிலையங்களில் ஆதார் அட்டையோடு நேரில் வருகிறவரின் கணக்கைச் சரிபார்த்து, புது எண்ணைப் பதிந்து திறந்துவிட ஏற்பாடு வேண்டும். ஒரு மேஜை, இரண்டு சிப்பந்திகள், தமிழும் வங்காளியும் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும்.