குறி பார்த்தால் மட்டும் போதுமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவன்)

"தடி எடுத்தவனெல்லாம் தண்டல்காரன்" என்பது பழமொழி. மவுஸைப் பிடித்தவனெல்லாம் மாவீரன் என்று எண்ணிக்கொண்டு இணையத் துப்பாக்கி விளையாட்டுக்குள் நுழைந்தவர்களில் நானும் ஒருவன். முதல் நாள் மாலை ஒரே ஆட்டத்தில் பதினெட்டு முறை செத்தேன். நான் வீழ்த்தியதோ ஒரே ஒருவரை! என் அணியிலிருந்த முகம் தெரியாத நால்வரும் என்னென்ன மொழிகளில் என்னைத் திட்டினார்கள் என்பதுகூட எனக்கு முழுமையாக விளங்கவில்லை.

ஏறக்குறைய ஓராண்டு ஓடிவிட்டது. இன்றும் நான் பெரிய ஆட்டக்காரன் அல்லன். இரும்பு, வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று ஏறும் ஒன்பது படிகளில் மூன்றாவதான வெள்ளிப் படியில்தான் நிற்கிறேன். எனினும், தொடக்கநிலையில் இருப்பவன் எவ்வாறு முன்னேறுகிறான் என்பது பற்றி எனக்கென ஒரு கருத்து உருவாகியுள்ளது. அதனை இம்மலரின் வாயிலாக எடுத்துரைக்க விழைகிறேன்.

"கல்லூரி மலரில் துப்பாக்கி விளையாட்டா?" என்று பேராசிரியப் பெருமக்கள் முகம் சுளிக்கக்கூடும். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் தடை செய்கிறது. அதே சட்டம் மின்விளையாட்டைப் போட்டி விளையாட்டாகத் தனியே ஏற்கிறது. 2023ஆம் ஆண்டில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுக்குப் பதக்கங்களும் வழங்கப்பட்டன. ஆகவே, எடுத்த எடுப்பிலேயே சூது என்று ஒதுக்காமல் சற்றே பொறுமையுடன் படிக்குமாறு வேண்டுகிறேன்.

ஆட்டத்தின் அமைப்பு

நான் ஆடுவது 'வாலரண்ட்'. 2020ஆம் ஆண்டு சூன் திங்களில் அமெரிக்காவின் ரயட் கேம்ஸ் நிறுவனம் வெளியிட்டது. இதற்கு மூத்தது 'கவுண்டர் ஸ்டிரைக்'. 1999இல் அதனை உருவாக்கிய இருவருள் ஒருவரான மின் லீ, அப்போது கனடாவில் படித்துக்கொண்டிருந்த கல்லூரி மாணவர் என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஐவர் தாக்க, ஐவர் காப்பர். ஒரு சுற்றுக்கு நூறு விநாடி. தாக்குவோர் 'ஸ்பைக்' என்னும் குண்டைக் குறித்த இடத்தில் நட வேண்டும். நடுவதற்கு 4 விநாடி. நட்டபின் 45 விநாடியில் அது வெடிக்கும். காப்போர் அதனைச் செயலிழக்கச் செய்ய 7 விநாடி தேவை. பன்னிரண்டு சுற்றுகள் முடிந்ததும் அணிகள் இடம் மாறும். பொதுவாக, முதலில் பதின்மூன்று சுற்றுகளை வென்ற அணிக்கே வெற்றி. வீழ்ந்தவன் பெரும்பாலும் அந்தச் சுற்று முடியும்வரை எழ முடியாது. இந்த ஒரு விதிதான் இவ்வாட்டத்தை வெறும் சுடுதலிலிருந்து பிரித்துக் காட்டுகிறது எனலாம். உயிருக்கு விலை உண்டு; அவசரத்திற்குத் தண்டனை உண்டு.

நின்று சுடு, நூல் பார்த்துச் சுடு

புதியவன் செய்யும் முதற்பிழை ஓடிக்கொண்டே சுடுவது. திரைப்படத்தில் கதாநாயகன் செய்வான். இங்கே செய்தால் தோட்டா திசைக்கொன்றாய்ச் சிதறும். ஒரு கணம் நின்று சுட்டால்தான் குறி தப்பாது.

இரண்டாம் பிழை, தரையைப் பார்த்துக்கொண்டு நடப்பது. எதிரியைக் கண்டபின் குறியை மேலே தூக்குவதற்குள் அவன் நம்மை முடித்துவிடுவான். முழுக் கவசம் அணிந்த வீரனின் உயிர்ப்புள்ளி 150. 'வேண்டல்' என்னும் துப்பாக்கியின் தோட்டா உடலில் பட்டால் 40 குறையும். தலையில் பட்டால் 160 குறையும். உடலுக்கு நான்கு தோட்டா, தலைக்கு ஒன்றே ஒன்று! ஆகவே எதிரி வருமுன்னரே அவன் தலை தோன்றக்கூடிய உயரத்தில் குறியை வைத்தபடி நடக்க வேண்டும்.

என் தந்தையார் கொத்தனார். விடுமுறையில் அவருடன் வேலைக்குப் போகும்போதெல்லாம் ஒன்றையே சொல்வார்: "கல்லைப் பார்க்காதடா, நூலைப் பாரு." நூல் மட்டமாக இருந்தால் கல் தானே மட்டமாக அமரும். திரையின் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு நூலைக் கட்டிக்கொண்டு ஆடத் தொடங்கிய பிறகுதான் என் தோட்டாக்கள் இலக்கைத் தொட்டன.

செத்தபின் கற்பது

வீழ்ந்தவுடன் கீபோர்டைத் தட்டி எரிச்சலைத் தீர்த்துக்கொள்பவர்கள் பலர். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால், வீழ்ந்தவனின் திரையில் உயிரோடிருக்கும் தோழன் காண்பதெல்லாம் தெரிகிறது. அவன் எங்கே நிற்கிறான், எப்போது ஓசையின்றி நடக்கிறான், எதற்காகக் காத்திருக்கிறான் என்பதைக் கட்டணமின்றிக் கற்றுத்தரும் வகுப்பு அது! "நான் ஏன் செத்தேன்?" என்று ஒவ்வொரு முறையும் ஒரு வரியில் விடை சொல்லிப் பார்த்தேன். பெரும்பாலும் ஒரே விடைதான் வந்தது: தனியாகப் போனேன். தோழன் ஒருவன் இரண்டடி பின்னால் வந்திருந்தால், என்னை வீழ்த்தியவனை அவன் உடனே வீழ்த்தியிருப்பான், கணக்கு நேராகியிருக்கும்.

பணம் தனியானது, செலவு பொதுவானது

இந்த ஆட்டத்தில் துப்பாக்கியை விலைக்கு வாங்க வேண்டும். தொடக்கத்தில் ஆளுக்கு 800 புள்ளிகள் தருவார்கள். நல்ல துப்பாக்கி 2,900. முழுக் கவசம் 1,000. சுற்றை வென்றால் 3,000, முதல் தோல்விக்கு 1,900தான். ஆகவே தோற்ற அணி ஒரு சுற்று வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேமித்து, அடுத்த சுற்றில் ஐவரும் ஒன்றாக வாங்க வேண்டும். நால்வர் சேமிக்கும்போது நான் மட்டும் ஆசைப்பட்டு வாங்கினால் என் துப்பாக்கியும் போகும், அடுத்த சுற்றில் என் கையும் வெறுங்கையாகும். மிகுதி வைத்திருப்பவன் இல்லாதவனுக்குத் துப்பாக்கி வாங்கித் தரலாம் என்பது இவ்வாட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி. முகம் தெரியாத ஒருவன் எனக்கு முதன்முறையாக வாங்கித் தந்த நாளில், அவனுக்காகவாவது பிழையின்றி ஆட வேண்டும் என்று தோன்றியது.

வாய் திறவாதவன் பாதி ஆள்

மேற்கூறியவை அனைத்தையும் கற்றபின்னும் நான் இரும்புப் படியிலேயே கிடந்தேன். காரணம், என் மைக் மூடியே இருந்தது. மும்பையிலுள்ள சர்வரில் இணைந்து ஆடும்போது இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேசுவோர் என் அணியில் வருவார்கள். எனக்கோ பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழிக் கல்வி. ஒருமுறை வாய் திறந்தேன். என் ஆங்கிலத்தை ஒருவன் அப்படியே திருப்பிச் சொல்லிச் சிரித்தான். அன்றோடு ஊமையானேன்.

இதே ஊமைத்தனம் ஆய்வகத்திலும் எனக்கு உண்டு. சென்ற பருவத்தில் மீட்டர் சமனச்சுற்றுச் சோதனை. கம்பியின் இரு முனைகளிலும் ஜாக்கியைத் தொட்டபோது கால்வனோமீட்டரின் முள் ஒரே பக்கமாக விலகியது. முள் எதிரெதிர்ப் பக்கம் விலக வேண்டும். இல்லையெனில் இணைப்பில் பிழை. நான் அதனைக் கண்டேன். ஆனால் சுற்றை இணைத்தவர் ஆங்கிலவழியில் படித்து வந்த நண்பர். அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது என்று வாளாவிருந்தேன். மூன்று மணி நேரமும் வீண்; எங்கள் இருவருக்கும் மதிப்பெண் இல்லை. கண்டும் சொல்லாத என்னால் அவரும் இழந்தார்.

அந்த வாரம் வீட்டில் வேறொரு உண்மையும் வெளிவந்தது. ரெக்கார்டு நோட்டுக்கென்று அப்பா தந்த இருநூறு ரூபாயில் பாதியை நான் மணிக்கு நாற்பது ரூபாய் வாங்கும் கணிப்பொறிக் கடையில் கரைத்திருந்தேன். அப்பா கேட்டார், மறைக்க முடியவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அப்படி என்னதான் ஆட்டம் என்றார். சொன்னேன், பேசாமல் ஆடுவதையும் சேர்த்து. சற்று நேரம் என்னையே பார்த்துவிட்டு அவர் சொன்னது இது:

"அஞ்சு பேரு சேந்து செய்யுற வேலையில நீ பேசாமயா இருந்த? சாரத்து மேல நிக்கிறவனுக்குக் கீழ கலவை தீர்ந்தது தெரியாதுடா. கீழ நிக்கிற சித்தாளுதான் சத்தம் குடுக்கணும். சித்தாளுதானேன்னு வாயை மூடிக்கிட்டிருந்தா, மேல கொத்தனாரு கரண்டியும் கையுமா நிப்பான். அன்னிக்கு வேலை போச்சு."

பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டாத என் தந்தையாரின் இச்சொற்கள் என் நெஞ்சில் ஆணியடித்தாற்போல் பதிந்தன.

அடுத்த ஆட்டத்தில் 'ஹேவன்' என்னும் களம். பூடான் நாட்டு மடாலயம்போல் வரையப்பட்டது. குண்டு நடுவதற்கு அங்கே மூன்று இடங்கள். ஐவர் மூன்று இடங்களைக் காக்க வேண்டியிருப்பதால் ஒருவர் கண்டதை மற்றவர் உடனே அறிந்தாக வேண்டும். நான் மைக்கைத் திறந்தேன். "கராஜ், டூ" என்றேன். இரண்டே சொற்கள்! வேறு பக்கம் நின்ற இருவர் ஓடி வந்தார்கள். நான் வீழ்ந்தேன், ஆனால் சுற்றை வென்றோம். இலக்கணம் தேவைப்படவில்லை. எங்கே, எத்தனை பேர் என்பது போதுமானதாக இருந்தது. சிரித்தவனை ஒலியடக்க ஒரு பொத்தான் இருப்பதையும் அன்றுதான் கவனித்தேன்!

பேச்சுக்கும் அளவு உண்டு. வீழ்ந்தவன் கண்டதைச் சொல்லிவிட்டு அமைதியாக வேண்டும். தனித்து நிற்கும் தோழனுக்கு எதிரியின் காலடி ஓசை கேட்க வேண்டாமா? பழி சொல்வது பேச்சாகாது. செய்தி சொல்வதே பேச்சு.

என் கருத்து

தொடக்கநிலையில் உள்ளவனுக்கு விரைவான கை வாய்க்க நாளாகும். நல்ல கணிப்பொறியும் விலையுயர்ந்த மவுஸும் என்னைப் போன்றவர்க்கு எட்டாதவை. ஆனால் கண்டதைச் சொல்வதற்கு வசதி வேண்டுவதில்லை. அணியிலேயே மிகக் குறைந்த திறமை உடையவன்கூட முதல் நாளிலேயே கொடுக்கக்கூடிய கொடை அது ஒன்றே. அதனைக் கொடுக்கத் தொடங்கிய நாள்முதல்தான் நான் அணியில் ஓர் ஆளானேன்.

தோழர்களே, ஓர் எச்சரிக்கையும் உண்டு. நாள் முழுதும் ஆடினால் முன்னேறிவிடலாம் என்று எண்ணாதீர்கள். எட்டு மணி நேரம் ஆடுபவன் ஒரே பிழையை எட்டு மணி நேரம் செய்துகொண்டிருக்கலாம். இப்போது நான் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரமே ஆடுகிறேன். கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறிச் சேர்த்த என் சொந்தப் பணத்தில் ஆடுகிறேன். அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் தோற்றால் எழுந்துவிடுகிறேன். அப்பாவின் நூறு ரூபாயையும் திருப்பித் தந்துவிட்டேன்.

இந்தப் பருவத்தில் ஆய்வகத்தில் மீண்டும் அதே நண்பருடன் நின்றேன். அளவீடு எடுக்கும் முன், "அந்த முனை தளர்ந்திருக்கிறது, பாருங்கள்" என்றேன். தமிழில்தான் சொன்னேன். அவர் பார்த்தார், திருகாணியை இறுக்கினார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் நான் சொன்னேன்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவன் நான். என்னைப் போன்றோர் ஒவ்வொரு வகுப்பிலும் கடைசி வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் காணாதவர்கள் அல்லர், கண்டதைச் சொல்லாதவர்கள். பேராசிரியப் பெருமக்களே, அவர்களின் தயங்கிய இரண்டு சொற்களுக்குச் செவி கொடுங்கள். தோழர்களே, எவன் சிரித்தாலும் அந்த இரண்டு சொற்களைச் சொல்லிவிடுங்கள்!