கேக்குக்கு ஊர் கூட்டம், குழம்புக்கு ஒருத்தியா?

"கூடி வாழ்ந்தால் கோடி நன்மை" என்பது நம் முன்னோர் வாக்கு. இம்முதுமொழியை நாம் பேச்சுப் போட்டிகளில் எத்தனையோ முறை முழங்கியிருக்கிறோம். கைதட்டலும் பரிசும் பெற்றிருக்கிறோம். ஆனால் நம் வீட்டு அடுப்பங்கரையில் அது எந்த அளவுக்கு நடைமுறையில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? அப்படி எண்ணிப் பார்க்கும்படி ஒரு சம்பவம் எங்களுக்கு நேர்ந்தது. அதைச் சொல்லி, எங்களுக்குத் தோன்றிய கருத்தையும் இங்கே வைக்க விரும்புகிறோம்.

சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை. பள்ளி விட்டதும் தோழியர் ஐவர் எங்களில் ஒருத்தியின் வீட்டில் கூடினோம். பிறை வடிவில், அடுக்கடுக்காகப் பொருபொருவென்று உதிருமே, அந்தக் குரோசான் செய்வதென்று தீர்மானம். பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊரில் பிறந்துவிட்டு அதைச் செய்யத் தெரியாதா என்ற வீறாப்பு! கைப்பேசியில் பார்த்த செய்முறை எளிதாகத்தான் தெரிந்தது.

குரோசானின் இரகசியம் வெண்ணெயில் இருக்கிறது. மாவுக்கும் மாவுக்கும் இடையே வெண்ணெய் மெல்லிய தகடாக நிற்க வேண்டும். சூட்டில் அதிலுள்ள ஈரம் ஆவியாகி அடுக்குகளை மேலே தூக்கும். அதற்கு வெண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருப்பது அவசியம். ஒவ்வொரு மடிப்புக்குப் பின்னும் மாவைக் குளிர்பெட்டியில் வைத்து எடுக்க வேண்டும். எங்களுக்கோ அவசரம். புதுச்சேரியின் புழுக்கமோ நாம் அறிந்ததே. இரண்டாம் மடிப்பிலேயே வெண்ணெய் உருகி வழிந்தது. கடைசியில் அடுப்பிலிருந்து வெளிவந்தவை நெய்யில் ஊறிய பிஸ்கோத்துகளே.

அதுவல்ல வருத்தம். இரவு ஏழரை மணிக்கு அந்தத் தோழியின் தாயார் மருத்துவமனைப் பணி முடித்து வீடு திரும்பினார்கள். தொட்டி நிறையப் பாத்திரங்கள். தரையெல்லாம் மாவு. இரவு உணவு எதுவும் இல்லை. தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்த அப்பாவும் தம்பியும் ஒரே குரலில் "இன்றைக்கு என்ன டிபன்?" என்று கேட்டார்கள். அம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்கள், பாத்திரங்களை ஒதுக்கினார்கள், ரவையை வறுத்து உப்புமா கிண்டினார்கள். வெங்காயமாவது நறுக்கித் தருகிறோம் என்று சொல்ல எங்கள் ஐவரில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. அதுதான் இன்றளவும் எங்களை உறுத்துகிறது.

அதே ரவையைக் கொண்டுதான் நம் ஊர்க் கிறிஸ்தவ இல்லங்களில் கிறிஸ்துமசுக்கு விவிக்கம் கேக் செய்கிறார்கள். ரவையை வெண்ணெயில் பக்குவமாக வறுத்து, முட்டையும் சர்க்கரையும் முந்திரியும் சேர்த்து, ரம்மில் ஊறவைத்த உலர்திராட்சையும் பழத்தோலும் கலந்து செய்யும் கேக் அது. 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் அது சட்டப்படி முழுமை பெற்றது. பிரெஞ்சுக் கொடி இறங்கியது. ஆனால் ரொட்டியும் கேக்கும் கப்பலேறிப் போய்விடவில்லை. கோதுமை விளையாத இந்த நெல் பூமியில் அவை நம்முடையவையாகவே தங்கிவிட்டன.

விவிக்கம் செய்யும் நாளை நினைத்துப் பாருங்கள். பழங்களை முன்கூட்டியே ஊறப்போட்டாக வேண்டும். எனவே கேக் எந்த நாளில் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தாத்தா முந்திரி உடைப்பார். அப்பா கை சலிக்கும்வரை முட்டை அடிப்பார். அண்ணன் சாமான் வாங்கி வருவான். பாட்டி பதம் பார்த்துச் சொல்வார்கள். வீட்டில் கேக் அடுப்பு இல்லாத அக்காலத்தில், கலந்த மாவைத் தட்டில் ஏந்திப் பேக்கரியின் விறகு அடுப்புக்கு எடுத்துச் சென்று சுட்டு வாங்கி வந்த கதையைப் பெரியவர்கள் இன்றும் ஆசையோடு சொல்கிறார்கள். அன்று ஒருவரும் "இது பெண்பிள்ளை வேலை" என்று சொல்வதில்லை.

ஆண்டுக்கு ஒரு நாள் வரும் கேக்குக்கு இத்தனை கைகள். ஆண்டு முழுவதும் வரும் இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் இரண்டே கைகள். ஏன் இந்த வேறுபாடு?

எங்களுக்குத் தோன்றும் காரணம் இதுதான். கேக்குத் திட்டம் எல்லார் காதிலும் விழுகிறது. அன்றாடச் சமையல் திட்டமோ அம்மாவின் மனத்துக்குள் மட்டுமே இருக்கிறது. என்ன காய் இருக்கிறது, மாவு எத்தனை நாளைக்கு வரும், யாருக்கு என்ன ஒத்துக்கொள்ளாது என்ற கணக்கு முழுவதையும் அவர்கள் பேருந்திலும் அலுவலகத்திலும் சுமந்துகொண்டே திரிகிறார்கள். சமைப்பது ஒரு வேலை என்றால், என்ன சமைப்பது என்று யோசிப்பதும் ஒரு வேலைதான். அந்த இரண்டாவது வேலை யார் கண்ணுக்கும் படுவதில்லை.

ஆகையால் அந்தக் கணக்கைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். நாங்கள் ஐவரும் எங்கள் வீடுகளில் அவ்வாறே செய்தோம். ஞாயிறு மாலை குடும்பமாக உட்கார்ந்து எழுதுகிறோம். ஞாயிறன்றே மாவு அரைத்தால் திங்கள் இட்லி, செவ்வாய் தோசை, புதன் வெங்காய ஊத்தப்பம். வியாழன் காலையில் பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கினால் இரவுக்குக் குழம்பு. மீதியைக் குளிர்பெட்டியில் வைத்துச் சூடாக்கினால் மறுநாள் அதன் சுவையே தனி. ஐந்து அப்பம் பலுகிய பிறகும் மீந்த துண்டுகளைக் கூடைகளில் சேர்க்கச் சொன்னாரே நம் ஆண்டவர்! ஒவ்வொரு நாளின் எதிரிலும் பெயர்கள் இருக்கும்: தேங்காய் துருவுபவர், பூண்டு உரிப்பவர், தட்டு கழுவுபவர்.

முதல் வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. ஒரு தம்பி தன் பெயரை அழித்துவிட்டான். ஒரு வீட்டில் அப்பா உரித்த பூண்டில் பாதி தோலோடு இருந்தது. ஆனால் மூன்றாம் வாரத்தில் அந்த மருத்துவமனை அம்மா எட்டரை மணிக்கே எங்கள் தோழியின் அருகில் அமர்ந்து கணக்குப் பாடம் கேட்டார்களாம். அதைவிட வேறு பலன் எங்களுக்கு வேண்டியதில்லை.

"ஆண்பிள்ளைக்கு அடுப்பங்கரையில் என்ன வேலை?" என்று சில பாட்டிமார் கேட்கலாம். விடிவதற்கு முன்பே எழுந்து நம் ஊர்ப் பேக்கரிகளில் மாவு பிசைபவர்கள் பெரும்பாலும் யார், பாட்டி? ஊருக்கே ரொட்டி சுடுகிற கை, தன் வீட்டுக்குத் தோசை சுட்டால் குறைந்தா போகும்? "பொதுத்தேர்வு இருக்கிறதே" என்று பெற்றோர் தயங்கலாம். தேங்காய் துருவும் பத்து நிமிடத்தால் எவருடைய மதிப்பெண்ணும் குறையாது. எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் அரைமணி நேரத்தில் மனச்சுமை குறைவதும் உண்டு.

அதற்காகப் பெரிய முயற்சிகளே கூடாது என்பதல்ல எங்கள் கட்சி. ஆசைப்பட்டுச் செய்து பார்த்தால்தான் கை பழகும். ஆனால் நம் ஆசையின் செலவை இன்னொருவர் களைப்பிலிருந்து எடுக்கக் கூடாது.

நாள்தோறும் ஜெபத்தில் நாம் கேட்பது அன்றாட உணவைத்தான். பண்டிகை உணவை அல்ல. கேட்பது "எங்களுக்கு" என்றுதான், "எனக்கு" என்றல்ல. அப்படியிருக்க அதைச் சமைக்கும் பாரம் மட்டும் ஒருவருக்கு உரியதாகலாமா? சிந்தியுங்கள், தோழியரே! பெற்றோரே, நீங்களும் சிந்தியுங்கள்.

வரும் விடுமுறையில் குரோசானை மறுபடியும் செய்து பார்க்கப் போகிறோம். இம்முறை ஞாயிற்றுக்கிழமையில், வெண்ணெயை நன்றாகக் குளிரவைத்து, இரவு உணவை முன்னதாகவே சமைத்து மூடி வைத்துவிட்டு. பாத்திரம் கழுவுபவர்களின் பெயர்ப்பட்டியல் இப்போதே தயாராக இருக்கிறது. அதில் அம்மாவின் பெயர் இல்லை.

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர் ஐவர்