அண்ணாவின் ஊரில் காமராசருக்கு ஒரு வாக்கு

நம் காஞ்சிபுரத்தில் அறிஞர் அண்ணாவைக் குறைத்துப் பேசினால் யாரும் பொறுக்க மாட்டார்கள். நெசவாளர் குடும்பத்தில் 1909இல் பிறந்து, இவ்வூர் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றி, 1967இல் மாநிலத்தின் முதலமைச்சராக உயர்ந்தவர் அவர். நானும் அவரைக் குறைத்துப் பேச வரவில்லை. ஆயினும் தலைமை தாங்கும் முறையில் அவரையும், 1954 முதல் 1963 வரை முதலமைச்சராயிருந்த பெருந்தலைவர் காமராசரையும் ஒப்பிட்டால், என் வாக்கு காமராசருக்கே. தோழியர் சினம் கொள்வதானால் காரணத்தைக் கேட்ட பின் கொள்ளட்டும்!

அண்ணா சொல்லால் தலைமை தாங்கியவர். 1942இல் காஞ்சியிலிருந்து 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கினார். 'தம்பி' என்று விளித்து அவர் எழுதிய மடல்கள் தொண்டரைக் குடும்பத்தாராக்கின. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1933 முதல் வானொலியில் மக்களோடு வீட்டு மனிதரைப் போல் உரையாடியதும் இவ்வகையே. கைத்தறித் துணி தேங்கி நெசவாளர் வாடிய 1953இல், அண்ணா தாமே துணியைச் சுமந்து தெருவில் விற்றார். சீனப் போருக்குப் பின், 1963இல், தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டபோதும் தொண்டர் கூட்டம் அவரை விட்டுப் போகவில்லை. இது எளிய செயலன்று.

காமராசரோ அதிகம் பேசாதவர். "ஆகட்டும், பார்க்கலாம்" என்பதே அவருடைய பெரிய சொற்பொழிவு. முதலமைச்சர் பதவிக்குத் தம்மோடு போட்டியிட்ட சி. சுப்பிரமணியத்தையே அமைச்சராக்கி, நிதியையும் கல்வியையும் ஒப்படைத்தார். போட்டியாளரை அமைச்சரவையில் சேர்த்த லிங்கனுக்கு உலகப் புகழ் கிடைத்தது. நம்மவரை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

இனி என் முக்கியக் காரணத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் அரைநாள் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோர் தொழிலிலும் பழக வேண்டும் என்ற திட்டத்தை 1953இல் இராஜாஜி கொண்டு வந்தார். காஞ்சியில் அதன் பொருள் என்ன? கோர்வைச் சேலைக்கு ஒரு பக்கக் கரையின் நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். முன்னாளில் பல வீடுகளில் அது பிள்ளையின் கையாகவே இருந்தது. என் பாட்டியின் கையும் அவற்றுள் ஒன்று. ஐந்தாம் வகுப்போடு அவர் தறிக்கு வந்துவிட்டார். அத்திட்டம் நிலைத்திருந்தால், வறுமையால் நேர்ந்தது சட்டத்தாலும் நேர்ந்திருக்கும். அதை எதிர்த்துப் போராடியவர்களில் அண்ணாவின் கழகமும் உண்டு, மறைப்பதற்கில்லை. ஆனால் 1954இல் பதவியேற்றதும் ஆரவாரமின்றி அதை நீக்கியவர் காமராசர். நீக்கியதோடு நில்லாமல் ஊர்தோறும் பள்ளி திறந்தார். பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்று உணர்ந்து 1956இல் மதிய உணவும் தந்தார்.

1967 தேர்தலில் அண்ணா ரூபாய்க்கு ஒரு படி அரிசி நிச்சயம் என்றார். அத்திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. மாநிலம் முழுவதும் பரவவில்லை. சொல் முன்னே ஓட, கருவூலம் பின்தங்கிவிட்டது. (பள்ளி மாணவர் தலைவியைத் தேர்ந்தெடுக்கும்போது நாமும் நன்றாகப் பேசுபவளுக்குத்தானே கை தூக்குகிறோம்?)

காமராசரிடமும் குறை உண்டு. செய்ததை எடுத்துச் சொல்லாத தலைவரை மக்கள் மறந்துவிடுவார்கள். 1967இல் சொந்த ஊரான விருதுநகரிலேயே ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார்.

என் தந்தையார் இக்கட்டுரையைப் படித்துவிட்டு ஒன்று கேட்டார்: "காமராசருக்கு ஒன்பது ஆண்டுகள் கிடைத்தன. அண்ணாவுக்கு இரண்டு ஆண்டுகள் கூட இல்லையே, அம்மா?" உண்மைதான். அவர் கொண்டு வந்த 'தமிழ்நாடு' என்னும் பெயர் 1969 சனவரி 14 அன்று நடைமுறைக்கு வந்தது. இருபதாம் நாள் அவர் மறைந்தார். தந்தையாரின் கேள்வி நியாயமானதே. ஆனாலும் எழுதிய விடைக்குத்தானே மதிப்பெண் போட முடியும்?