டப்பாவில் மூன்று, மல்லாட்டையில் ஒன்பது

பக்கத்து நிலத்துக்காரர் மகன் திண்டிவனத்தில் ஜிம்முக்குப் போகிறான். போன மாதம் ஒரு டப்பாவோடு வந்து நின்றான். "மேனேஜர் தாத்தா, இதுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. உடம்பு வலி சீக்கிரம் போயிடும்னு கோச் சொன்னாரு." விலை 1,800 ரூபாய், 30 நாளைக்கு வருமாம். அன்று காலையில்தான் அவன் அப்பா மல்லாட்டையை ஒரு மூட்டைகூட மிச்சம் வைக்காமல் கமிட்டியில் போட்டுவிட்டு வந்திருந்தார்.

வங்கியில் பொடி எழுத்துகளைப் படித்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவன் நான். படித்தேன். லூசின், ஐசோலூசின், வேலின். ஒரு கரண்டியில் மூன்றும் சேர்ந்து 5 கிராம். அவ்வளவுதான் சரக்கு.

நம் உடம்பின் புரதம் 20 அமினோ அமிலங்களால் ஆனது. அதில் 9 சாப்பாட்டில்தான் வரவேண்டும். கடுமையாகப் பயிற்சி செய்தால் தசை நார்கள் நுணுக்கமாகச் சேதமாகும். அதைச் சரிசெய்ய ஒன்பதும் வேண்டும். வேலையைத் தொடங்கச் சொல்லி மணி அடிப்பது லூசின், நிஜம்தான். மணி அடித்தால் போதுமா, கொத்தனாருக்குச் செங்கல் வேண்டாமா?

நமக்கு இது புதுக்கதை இல்லை. தழை, மணி, சாம்பல் என்று மூன்றை மட்டும் மண்ணில் கொட்டியவர்கள்தானே நாம். அந்த மூட்டைகளுக்கு எத்தனை பயிர்க்கடனில் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்! எந்தச் சத்து குறைவோ அதுதான் விளைச்சலைத் தீர்மானிக்கும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியின் லீபிக் எடுத்துச் சொன்னார். (ரசாயன உரத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் அவரும் ஒருவர், அது வேறு கதை.) உடம்பிலும் அதே கணக்குதான். அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. இட்லியில் அரிசியும் உளுந்தும் சேரும்போது ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டுகிறது.

பையனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 50 கிராம் மல்லாட்டைப் பயறு, 2 முட்டை, ஒரு டம்ளர் பால். டப்பாவில் உள்ள மூன்றும் இதிலேயே ஏறக்குறைய 5 கிராம் வந்துவிடும், மற்ற ஆறும் கூடவே வரும். எங்கள் ஊர் விலையில் 35 ரூபாய் தாண்டாது. டப்பாவோ நாளுக்கு 60 ரூபாய். பொடியால் வலி சற்றுக் குறைவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அது சில நாளில் தானே போகிற வலி. முதல் நாள் நடவுக்குப் போய் வந்த பெண்களைக் கேளுங்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், உடம்பை ஏற்றப் புரதப் பொடி வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது.

நம்மிலும் சிலர் மீனும் வெல்லமும் புளிக்கவைத்த மீன் அமிலத்தை 'அமினோ' என்று பாட்டிலில் ஒட்டி, மண்ணுக்கு வேறெதுவும் வேண்டாம் என்பதுபோல விற்கிறார்கள். அதுவும் இதே வியாபாரம்தான்.

பையன்மேல் எனக்குக் கோபமில்லை. விளைவிக்கிற வீட்டில் தின்ன மல்லாட்டை இல்லை, அதுதான் உறுத்துகிறது. அறுவடை முடிந்ததும் தவணை கட்டச் சொல்லி வாசலில் போய் நின்றவன் நானும்தான். வீட்டுக்கு என்ன வைத்தீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. விதைக்கு எடுத்து வைப்பதுபோல வீட்டுக்கும் ஒரு மூட்டை எடுத்து வைத்துவிட்டு மீதியை விற்கலாம். அவன் அப்பாவிடமும் இதைச் சொன்னேன். "அடுத்த பட்டத்துல வச்சிடறேன் சார்" என்றார்.

பையன் டப்பாவைக் குலுக்கிப் பார்த்தான். "இன்னும் பாதி இருக்கு தாத்தா."