பழைய பேஸ் கிட்டார்: காசு ஓசைக்கா, ஆண்டுக்கா?

1972-ல் லண்டனில் நின்ற ஒரு வேனிலிருந்து பேஸ் கிட்டார் ஒன்று திருடுபோனது. அரை நூற்றாண்டு கழித்து, 2023-ல், இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து அது திரும்பக் கிடைத்தது. 2024 பிப்ரவரியில் விஷயம் வெளியே வந்ததும் உலகம் முழுக்க செய்தியானது. காரணம், அதன் சொந்தக்காரர் பீட்டில்ஸ் புகழ் பால் மெக்கார்ட்னி. 1961-ல் ஹாம்பர்க் நகரில் சுமார் 30 பவுண்டு கொடுத்து அவர் வாங்கிய ஹாஃப்னர் பேஸ் அது. ஃபெண்டர் வாங்குகிற அளவுக்கு அப்போது அவரிடம் காசு இல்லை. வயலின் வடிவத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்ததால், இடது கைக்காரரான அவருக்கு அது தோதாகவும் இருந்தது.

இந்தச் செய்தியில் பலரும் கவனிக்காமல் விட்ட ஒரு விஷயம் உண்டு. 1964-ல் அந்த பேஸுக்கு முழுசாகப் புது பெயின்ட் அடித்தார்கள். பிக்அப் பொருத்தியிருந்த விதத்தையும் மாற்றினார்கள். இதே பேஸ், இதே நிலையில், பெயர் தெரியாத ஒருவரிடம் இருந்திருந்தால்? 'ஒரிஜினல் இல்லை' என்று சொல்லி, விண்டேஜ் சந்தை விலையைப் பாதியாகக் குறைத்திருக்கும்.

பழைய பேஸ் வாங்க ஆசைப்படுபவர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் இதுதான். கொடுக்கும் காசு ஓசைக்கா, இல்லை தயாரித்த ஆண்டுக்கும் உரியாத பெயின்ட்டுக்குமா?

முதலில், பேஸ் கிட்டார் எப்படி வந்தது?

பாட்டில் அடியில் ஓடும் கனமான ஓசைதான் பேஸ். இளையராஜா பாடல்களை ஹெட்ஃபோனில் கேட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாடகரின் மெட்டுக்குக் கீழே இன்னொரு மெட்டு தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும், இல்லையா? அதுதான்.

அந்த வேலையை முன்பு ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ் செய்தது. தூக்கிச் செல்வது கஷ்டம். டிரம்ஸும் டிரம்பெட்டும் முழங்கும் மேடையில் அதன் ஓசை எடுபடாது. 1930-களிலேயே அமெரிக்காவின் சியாட்டிலில் பால் டட்மார்க் என்பவர் மின்சார பேஸ் ஒன்றைச் செய்து விற்றார். அது பெரிதாகப் போகவில்லை. 1951-ல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' கொண்டுவந்த பிறகுதான் கதை மாறியது. கழுத்தில் ஃப்ரெட் கம்பிகள் பதித்திருந்ததால் விரல் வைத்த இடத்தில் சுருதி பிசகாது. அதனால்தான் 'பிரிசிஷன்' என்று பெயர். 1960-ல் மெல்லிய கழுத்தும் இரண்டு பிக்அப்பும் கொண்ட 'ஜாஸ் பேஸ்' வந்தது. இன்று உலகில் விற்கும் பெரும்பாலான பேஸ் கிட்டார்கள் இந்த இரண்டின் வாரிசுகள்தான்.

1965-ல் என்ன நடந்தது?

1965 ஜனவரியில் ஃபெண்டர் நிறுவனத்தை சிபிஎஸ் என்ற பெரிய ஊடக நிறுவனம் 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. உற்பத்தி கூடியது, செலவைக் குறைக்கும் வேலையும் தொடங்கியது. 1968 வாக்கில் பழைய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுக்குப் பதில் தடிமனான பாலியெஸ்டர் பூச்சு வந்தது. 1970-களில் பல கிட்டார்கள் கனத்துப்போயின. கழுத்தும் பாடியும் சேரும் இடத்தில் இடைவெளி விட்டவையும் கடைக்கு வந்தன. 1985-ல் ஊழியர்கள் அடங்கிய குழு நிறுவனத்தைத் திரும்ப வாங்கியபோதுதான் அந்தக் காலகட்டம் முடிந்தது.

இதிலிருந்து பிறந்ததுதான் 'ப்ரீ-சிபிஎஸ்' என்ற மந்திரச் சொல். 1965-க்கு முந்தைய ஃபெண்டர் என்றால் விலை பல மடங்கு. கெடாமல் இருக்கும் 1960-களின் தொடக்க ஜாஸ் பேஸ் ஒன்றுக்குப் பத்தாயிரக்கணக்கான டாலர் கேட்கிறார்கள்.

ஆனால் கையெழுத்துப் போட்ட மறுநாள் காலையே தொழிற்சாலை மாறிவிடுமா? 1964 டிசம்பரில் வேலை செய்த அதே ஆட்கள், அதே மெஷின்கள்தான் 1965 பிப்ரவரியிலும் இருந்தார்கள். தரம் மெதுவாக, ஏற்ற இறக்கத்தோடுதான் மாறியது. பொற்காலம் என்று சொல்லப்படும் ஆண்டுகளிலும் சுமாரான பேஸ்கள் வந்தன. மோசம் என்று ஒதுக்கப்படும் 1970-களிலும் அபாரமானவை வந்தன. ஆண்டு ஒரு துப்பு. அவ்வளவுதான், தீர்ப்பு அல்ல.

மாற்றினால் மதிப்பு போய்விடுமா?

சந்தையின் முதல் விதி: எதையும் மாற்றாதே. பெயின்ட், பிக்அப், ஸ்க்ரூ, பெட்டி எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். பேஸ் இசையின் வரலாறோ இதற்கு நேர் எதிராக இருக்கிறது.

ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் 1962 ஜாஸ் பேஸில் ஃப்ரெட்டே இல்லாமல் வாசித்தார். கம்பிகளைப் பிடுங்கிய பள்ளங்களை அடைத்து, மேலே எபாக்ஸி பூசிய கழுத்து அது. பாடுவதுபோல் வழுக்கிச் செல்லும் அவருடைய ஓசை அதிலிருந்துதான் வந்தது. பின்னாளில் துண்டு துண்டாக உடைந்து, ஒட்டவைக்கப்பட்டு, 1986-ல் நியூயார்க்கில் திருடுபோனது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அது மறுபடி தலைகாட்டியபோது, மெட்டாலிகா குழுவின் பேஸ் கலைஞர் ராபர்ட் ட்ருஹியோ காசு கொடுத்து அதை மீட்க உதவினார். சந்தைக் கணக்கில் அது 'பாழான' கிட்டார். இசைக் கணக்கில் பொக்கிஷம்.

மார்கஸ் மில்லரின் புகழ்பெற்ற ஜாஸ் பேஸ் 1977-ல் செய்தது, அதாவது எல்லோரும் முகம் சுளிக்கும் காலத்துச் சரக்கு. அதற்குள் ரோஜர் சடோவ்ஸ்கி என்ற கைவினைஞர் ப்ரீஆம்ப் பொருத்தினார். அந்த ஓசையைத் தேடித்தான் இன்று 1970-களின் ஜாஸ் பேஸை வாங்க ஆள் வருகிறது.

ஜேம்ஸ் ஜேமர்சனிடம் இருந்தது 1962 பிரிசிஷன் பேஸ். மோட்டவுன் நிறுவனத்தின் எத்தனையோ ஹிட் பாடல்களில் அவர்தான் பேஸ். ஒற்றை ஆள்காட்டி விரலால் வாசிப்பார். தட்டையாகச் சுற்றிய தடித்த தந்திகளை லேசில் மாற்றமாட்டார். ஸ்டுடியோவில் ஆம்ப் இல்லாமல் நேரடியாக மிக்ஸிங் மேசைக்குள் இணைத்துப் பதிவு செய்வார்கள். 1983-ல் அவர் இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு அந்த பேஸ் திருடுபோனது. நாளை எங்கேயாவது ஒரு 1962 பிரிசிஷன் வாங்கினாலும் அந்த ஓசை வராது. ஓசையில் பாதி அந்த விரலிலும் அந்தப் பழந்தந்தியிலும் இருந்தது.

இங்கேதான் முரண். தேய்ந்த ஃப்ரெட்டை மாற்றுவது, பழுதான பிக்அப்பைச் சரிசெய்வது என்று வாசிக்கத் தகுந்தபடி வைத்திருக்கும் ஒவ்வொரு வேலையும் விலையைக் குறைக்கிறது. வாசிக்காமல் கட்டிலுக்கடியில் கிடந்தால் விலை ஏறுகிறது. வாத்தியத்தை வாத்தியமாகப் பயன்படுத்தியவருக்கு அபராதம், பூட்டி வைத்தவருக்குப் பரிசு. கடைசியில் நல்ல பழைய பேஸ்கள் இசைக் கலைஞர் கைக்கு எட்டாமல் முதலீட்டாளரின் அலமாரிக்குப் போய்விடுகின்றன.

சேகரிப்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. கை படாத சில பிரதிகள் இருந்தால்தான் அக்காலத்தில் எப்படிச் செய்தார்கள் என்று அளந்து பார்க்க முடியும். 1980-களில் ஃபெண்டர் பழைய மாடல்களை மறுபடி தயாரித்தபோது அந்தப் பழைய கிட்டார்கள்தான் வழிகாட்டி. அதனால் சில அருங்காட்சியகப் பொருள்களாக இருக்கட்டும். அந்தச் செலவை வாசிக்க வாங்குபவர் ஏன் சுமக்க வேண்டும்?

அப்போ, எதைப் பார்த்து வாங்குவது?

*கழுத்து:* முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் தந்தியை அழுத்திப் பிடித்தால் நடுவில் மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும். பெரிய இடைவெளி இருந்தால் கழுத்து வளைந்திருக்கிறது. உள்ளே இருக்கும் ட்ரஸ் ராட் வேலை செய்தால் நிமிர்த்திவிடலாம். கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவது நல்லது.

*சீரியல் நம்பர்:* அதை மட்டும் நம்பக் கூடாது. 1950-களின் நடுவிலிருந்து 1976 வரை ஃபெண்டரில் அது கழுத்தைப் பிடித்திருக்கும் தகட்டில்தான் இருந்தது. நாலு ஸ்க்ரூ கழற்றினால் தகட்டை மாற்றிவிடலாம்.

*உள்பக்கம்:* கழுத்தின் அடிப்பகுதியில் பென்சிலிலோ முத்திரையிலோ தேதி இருக்கலாம். வால்யூம் நாபுக்குக் கீழே உள்ள பாட் மீதும் எண் இருக்கும். உதாரணமாக 3046320 என்றால், 304 தயாரித்த நிறுவனத்தின் குறியீடு, 63 ஆண்டு, 20 என்பது வாரம். அந்தப் பாட் 1963-ல் செய்தது என்று மட்டுமே இது சொல்லும். கிட்டார் அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் தயாராகியிருக்கலாம். விற்பவர் இந்தப் படங்களை அனுப்ப மறுத்தால், அதுவே ஒரு பதில்தான்.

*எடையும் ஓசையும்:* மூன்று மணி நேரக் கச்சேரிக்குத் தோளில் மாட்டப்போவது நீங்கள்தான். மாட்டிப் பாருங்கள். ஆம்ப் போடாமல் வாசியுங்கள். ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஓசை சீராக நிற்கிறதா, எங்காவது செத்து விழுகிறதா என்று கேளுங்கள்.

*கைமாறிய கதை:* யாரிடமிருந்து, எப்போது வாங்கியது, ரசீது இருக்கிறதா? மேலே சொன்ன நான்கு பேஸ்களில் மூன்று திருடுபோனவை. பழைய வாத்தியத்துக்குக் கதை கேட்பது அநாகரிகம் அல்ல.

இந்தியாவுக்குக் கொண்டுவர முடியுமா?

முடியும். சுங்க வரியைத் தாண்டி இன்னொரு சிக்கல் உண்டு. 1960-களின் நடுப்பகுதி வரை ஃபெண்டர் கழுத்துகளில் பிரேசில் ஈட்டி மரம் பயன்பட்டது. 1992 முதல் அந்த மரம் சைட்டிஸ் என்ற சர்வதேச வனஉயிர் வர்த்தக ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. கட்டுப்பாடு வருவதற்கு முன்பே எடுத்த மரம் என்பதற்கான சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல்கூட ஆகலாம். அதன் பிறகு ஃபெண்டர் பெரும்பாலும் இந்திய ஈட்டிக்கு மாறியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் அதே இனம்தான். அதில் செய்த இசைக்கருவிகளுக்கு 2019 முதல் விதிகள் தளர்ந்துள்ளன.

பட்ஜெட் குறைவா? ஜப்பான் பக்கம் பார்க்கலாம். 1970-களில் டோக்காய், கிரெகோ போன்ற நிறுவனங்கள் அமெரிக்க மாடல்களை அச்சு அசலாக நகல் எடுத்தன. போட்டியைச் சமாளிக்க, 1982-ல் ஃபெண்டரே ஜப்பானில் தயாரிக்க ஆரம்பித்தது. அந்தக் காலத்து ஜப்பான் பேஸ்களுக்கு இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. பலவற்றின் வேலைப்பாடு அதே காலத்து அமெரிக்கத் தயாரிப்புக்குச் சளைத்ததல்ல. விலையோ ப்ரீ-சிபிஎஸ் பேஸின் சிறு பங்கு.

வேறொரு வழியும் இருக்கிறது. பெயின்ட் மாற்றிய, பிக்அப் மாற்றிய பழைய பேஸைத் தேடுங்கள். இவற்றை 'பிளேயர் கிரேடு' என்று கொஞ்சம் இளப்பமாகவே சொல்வார்கள். மரம் அதே மரம், கழுத்து அதே கழுத்து, விலை பாதி. கீறல் விழுமோ என்ற பயமில்லாமல் மேடைக்கு எடுத்துப் போகலாம். தேய்ந்தால் சரிசெய்யலாம், பிடிக்காததை மாற்றலாம். ஜாக்கோவும் மார்கஸ் மில்லரும் அதைத்தான் செய்தார்கள்.