அந்தி விளக்கும் ஐந்து நிமிடமும்

1880இல் சீவக சிந்தாமணியைப் படிக்கத் தொடங்கிய உ.வே.சாமிநாதையர், பொருள் விளங்காத இடங்களால் இடர்ப்பட்டார். அவர் அப்போது கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். ஐயம் தீர்த்துக்கொள்ள அவ்வூர்ச் சமணர் இல்லம் ஒன்றுக்குச் சென்றபோது, வாயிலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. என்ன விசேடம் என்று கேட்டார். சிந்தாமணி படித்து முடித்ததைக் கொண்டாடுகிறோம் என்றார்கள். கல்லூரிக்குப் புதிராயிருந்த நூல் ஒரு குடும்பத்தின் வழிபாட்டில் உயிரோடு இருந்தது. 1887இல் ஐயர் அந்நூலைப் பதிப்பித்ததற்குப் பின்னே அவ்வீட்டுப் பழக்கமும் உண்டு.

வகுப்பில் இந்நிகழ்ச்சியைப் பலமுறை சொல்லியிருக்கிறோம். அது நமக்கும் உரியது என்று உணரக் காலம் பிடித்தது.

எங்கள் அன்னை நாள்தோறும் அந்தியில் விளக்கேற்றிச் சிவபுராணம் ஓதுவார். பெரிய பூசையில்லை, நைவேத்தியமாகச் சிறிது கற்கண்டு. ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுவார். அந்நேரத்தில் நாம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்போம். எங்கள் மகள் மட்டும் கற்கண்டுக்காகப் பாட்டியின் அருகில் அமர்ந்திருப்பாள்.

அன்னை மறைந்த அன்று, சிவபுராணம் ஓதலாம் என்றார் உறவினர் ஒருவர். திருவாசகத்தைப் பாடமாக நடத்தும் நாம் புத்தகத்தைத் தேடினோம். ஒன்பது வயது மகள் விளக்கருகே அமர்ந்து, தொண்ணூற்றைந்து அடிகளையும் பாராமல் ஓதினாள். சில சொற்களைப் பிழையாக உச்சரித்தாள். திருத்த நமக்கு வாய் வரவில்லை.

பகுத்தறியும் வயது வருமுன் குழந்தையை வழிபாட்டில் அமர்த்துவது திணிப்பல்லவா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. பிரம்பைக் காட்டி ஒப்பிக்கச் செய்வதும், சாமி கண்ணைக் குத்தும் என்று அச்சுறுத்துவதும், பிறர் தெய்வத்தை இகழக் கற்பிப்பதும் திணிப்பே. ஆயினும் எங்கள் அன்னை ஒருநாளும் பேத்தியை அழைத்ததில்லை. தமக்காக ஓதினார், அவள் கேட்டிருந்தாள். பெரியவர்கள் மெய்யாகவே தமக்கென்று செய்வதே குழந்தையிடம் சேரும். தான் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே பிள்ளையைத் தேவாரம் சொல்லச் சொல்லும் தந்தையிடமிருந்து பிள்ளை தொலைக்காட்சியையே கற்கும்.

மற்றொன்று, அளவு. மார்கழியில் ஒரே நாளில் திருப்பாவை முப்பதையும் ஓதிவிட்டு ஓய்வதைவிட, நாளுக்கு ஒரு பாசுரம் நன்று. தவறாமையே இங்குப் பெரிது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் கிறித்தவ இல்லங்களின் மாலைச் செபத்தில் நிலைத்ததும், தொழுகை விரிப்பில் தந்தையருகே நின்று சிறுவன் குனிந்து நிமிர்ந்து பழகுவதும் இவ்வழியில்தான். பொருள் பின்னர் வரும், வராமலும் போகலாம். வளர்ந்தபின் அவள் நம்பிக்கையைக் கைவிட்டால் அது அவள் உரிமை. கைவிடுவதற்கும் கையில் ஒன்று இருக்கவேண்டுமே!

இப்போது எங்கள் வீட்டில் விளக்கேற்றுவது நாம். விடைத்தாள்கள் ஐந்து நிமிடம் காத்திருக்கின்றன. நாம் அடி மறக்கும்போது மகள் எடுத்துக்கொடுக்கிறாள்.