குறை நம் பின்னணியில் இல்லை

எம்பிஏ சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி மையங்கள் ஓர் அறிவுரை சொல்கின்றன: "பின்னணியில் குறை இருந்தால் அதை நேர்மறையாகக் காட்டு." பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைவா, படிப்பில் இரண்டு ஆண்டு இடைவெளியா, அப்பாவுக்குக் கூலி வேலையா? எல்லாவற்றையும் தடைகளைத் தாண்டிய கதையாக மாற்றிவிடு என்கிறார்கள். அதைக் குறை என்று முடிவு செய்தது யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நான் பாகூர் கொம்யூனில் ஒரு சேரியில் பிறந்தவன். இப்போது முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பாகூர், வில்லியனூர் பக்கத்துத் தம்பி தங்கைகள் தங்கள் விண்ணப்பக் கட்டுரைகளை என்னிடம் காட்டுவது உண்டு. அண்மையில் ஒரு தங்கை கொண்டுவந்த கட்டுரை, வறுமை தனக்கு வாழ்க்கையைக் கற்றுக்கொடுத்தது என்று தொடங்கியது. பக்கம் முழுவதும் கண்ணீர். விசாரித்தபோதுதான் தெரிந்தது, அம்மா இருக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கை நான்கு ஆண்டுகளாக எழுதுவது இவர்தான். குழுவில் 15 பேர், பெரும்பாலும் வயல் வேலைக்குப் போகிறவர்கள். நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் தவணை தவறுகிறது என்று கண்டுபிடித்து, அந்த மாதங்களில் குறைவாகவும் அறுவடை மாதத்தில் கூடுதலாகவும் கட்டும்படி மாற்றச் சொல்லியிருக்கிறார். குழுவும் ஏற்றிருக்கிறது. இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "இதெல்லாம் ஒரு அனுபவமாண்ணா?" என்றார்.

நிர்வாகவியல் வகுப்பில் சொல்லித்தரப் போவதே இதைத்தான். ஒரு முதலாளி வீட்டுப் பிள்ளை அப்பாவின் கம்பெனியில் இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தால் அது 'இன்டர்ன்ஷிப்' ஆகிவிடுகிறது. நம் வீட்டுப் பெண் நான்கு ஆண்டுகள் கடன் கணக்கு பார்த்தால் அது வீட்டு வேலை.

'இடைவெளி'யின் கதையும் இதுதான். புதுச்சேரியின் ஏஎஃப்டி பஞ்சாலை 2020-இல் மூடப்பட்டது. ஆலையை நம்பியிருந்த வீடுகளில் படிப்பை நிறுத்திவிட்டு சேதராப்பட்டிலோ திருபுவனையிலோ ஒப்பந்தக் கூலியாகப் போனால், அந்தப் பிள்ளையின் பயோடேட்டாவில் இடைவெளி விழுகிறது. பெங்களூரு ஐஐஎம் போன்ற நிறுவனங்கள் கேட் மதிப்பெண்ணோடு பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களையும் சேர்த்துத்தான் ஆள் தேர்வு செய்கின்றன. 15 வயதில் வீட்டில் டியூஷனுக்குப் பணம் இருந்ததா என்பது 22 வயதிலும் கணக்கில் வருகிறது. இதற்குப் பெயர் தகுதி.

நேர்காணல் அடுத்த வாசல். சுரீந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் தில்லி வட்டாரத்தில் 25 மனிதவள மேலாளர்களைச் சந்தித்து எழுதிய ஆய்வு 2007-இல் வந்தது. தகுதி மட்டுமே அளவுகோல் என்ற அந்த மேலாளர்கள், வேலைக்கு வருபவரின் குடும்பப் பின்னணியைக் கேட்பதையும் இயல்பான ஒன்றாகவே சொன்னார்கள். அப்பா என்ன செய்கிறார் என்ற கேள்வி ஒருவருக்கு நல விசாரிப்பு. நமக்கு அது சாதி விசாரிப்பு. கேட்கும் இடத்தில் இருப்பவர்கள் யார்? 2019-இல் ஆசிரியர் பணியிட இடஒதுக்கீட்டுச் சட்டம் வந்ததும், தங்களுக்கு விலக்கு வேண்டும் என்று ஒன்றிய அரசிடம் கேட்டவை இந்த ஐஐஎம்கள்தான்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023-இல் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கத் தடை விதித்தது. இனம் தன் வாழ்வை எப்படிப் பாதித்தது என்று மாணவர் கட்டுரையில் எழுதிக்கொள்ளலாம் என்று மட்டும் விட்டுவைத்தது. உரிமை பறிபோன இடத்தில் காயத்தைக் காட்டி இடம் கேட்கும் நிலை. இங்கே பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு சட்டப்படியான உரிமை. உரிமையோடு போகிறவர்கள் இரக்கத்தைக் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

ஆகவே விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். மதிப்பெண் குறைந்திருந்தால் காரணத்தை ஒரே வரியில் சொல்லுங்கள், மன்னிப்புக் கேட்காதீர்கள். இடைவெளியை மறைக்காதீர்கள், அந்த மாதங்களில் எங்கே, என்ன வேலை செய்தீர்கள், எத்தனை பேருக்குப் பொறுப்பாக இருந்தீர்கள், எதை மாற்றினீர்கள் என்று எண்ணோடு எழுதுங்கள். செய்யாததைச் செய்ததாக எழுத வேண்டாம், செய்ததே போதும். அப்பாவின் தொழிலைக் கேட்டால் தொழிலின் பெயரைச் சொல்லுங்கள், 'சொந்தத் தொழில்' என்று மழுப்பாதீர்கள். சாதிக் கொடுமையை எழுதுவதும் எழுதாததும் உங்கள் விருப்பம். எழுதினால், அங்கே நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதும் இருக்கட்டும்.

தனி மனிதர் நன்றாக எழுதிவிட்டால் மட்டும் வாசல் திறந்துவிடாது என்பதும் எனக்குத் தெரியும். பள்ளி மதிப்பெண்ணுக்குத் தரும் எடையைக் குறைக்க வேண்டும். நேர்காணலில் பெற்றோரின் தொழிலைக் கேட்பதைத் தடை செய்ய வேண்டும். நேர்காணல் குழுவில் நம்மவர்கள் இருக்க வேண்டும். நம் பிள்ளைகளிடம் பின்னணியை விளக்கச் சொல்லும் நிறுவனங்கள், தங்கள் ஆசிரியர் பட்டியலின் பின்னணியை முதலில் விளக்கட்டும்.